அம்புக்குறி இல்லாத கேம் இருக்கா, பாஸ்?

கேம் கடை வைத்திருப்பவன் நாள் முழுக்க விளையாடிக்கொண்டிருப்பான் என்று ஊரில் ஒரு நினைப்பு. உண்மையில் அவன் நாள் முழுக்கத் தூசி துடைக்கிறான். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் கடையில் பழைய கேம், புது கேம் இரண்டும் உண்டு, ரிப்பேரும் உண்டு. அதிகம் போவது ஆர்பிஜி. வாளோ மந்திரக்கோலோ எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலையும் கதை விளையாட்டு. கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளும் சக பாவிகளே, மீதி உங்களுக்கே புரியும்.

வழி சொல்லாதே

டெங்கில் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் முருகையா அண்ணன், வாங்கிய சூட்டோடு ஒரு புது கேமைத் திருப்பிக் கொண்டுவந்தார். புல் அசைவதுகூடத் தத்ரூபமாகத் தெரியும் கேம் அது. "டிஸ்க் கோளாறா அண்ணே?" என்றேன். "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. எங்க போனாலும் அம்புக்குறி காட்டுது," என்றார்.

அம்புக்குறியை நிறுத்திக் காட்டினேன். நிறுத்தினால் அந்த கேமில் வழி சொல்ல ஒரு ஆள் இல்லை. குறியை நம்பியே செய்திருக்கிறார்கள். கடைசியில், படம் கட்டம் கட்டமாகத் தெரியும் ஒரு பழைய கேமை எடுத்துக் கொடுத்தேன். அதில் ஊர்க்காரர்களிடம் நின்று பேசினால்தான் குகை எந்தப் பக்கம் என்றே தெரியும். அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நாள் முழுக்க லோரில அந்த ஜிபிஎஸ்காரி லெஃப்ட்ல போ, ரைட்ல போன்னு சொல்றா. வீட்டுலயாவது நானா தொலைஞ்சு போறேன் லா."

சத்திரம்

பழைய கேம்தான் உசத்தி என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அம்பாங்கிலிருந்து சுகந்தி வந்தார். கணக்காளர், கைக்குழந்தைக்காரி. அதே பழைய கேமில் இன்னொரு பிரதியைக் கொடுத்தேன். சில நாளில் கண் சிவந்து திரும்பி வந்தார். ஒரு நிலவறையைப் பாடுபட்டுத் தாண்டியிருக்கிறார். குழந்தை அழ, கேமை அணைத்துவிட்டு ஓடியிருக்கிறார். அந்தக் காலத்து கேமில் சத்திரத்தில் போய்ப் படுத்தால்தான் ஆட்டம் பதிவாகும். பட்ட பாடு அத்தனையும் போச்சு.

"பாஸ், நினைச்ச இடத்துல நிக்கிற புது கேமா குடுங்க. சத்திரம் வர்ற வரைக்கும் என் பிள்ளை காத்திருக்க மாட்டான்."

ஆறு எழுத்து

கிள்ளானில் நர்ஸாக இருக்கும் கவிதா அக்கா ஒரு பழைய கேம் கார்ட்ரிட்ஜை விற்க வந்தார். ஓடுகிறதா என்று போட்டுப் பார்த்தேன். பாதி ஆட்டம் அப்படியே பதிவாகி இருந்தது. வீரன் பெயர் RAVI; கூட நடக்கும் வைத்தியக்காரி பெயர் KURANG.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். ரவி அவருடைய அண்ணன். தங்கைக்குக் 'குரங்கு' என்று பேர் வைக்கப் பார்த்திருக்கிறார். ஆறு எழுத்துக்கு மேல் இடமில்லாததால் மலாயில் 'குறைவு' என்று பொருள்படுகிற சொல்லாக ஆகிவிட்டது. வீட்டுத் தகராறில் இருவரும் பேசிப் பல வருஷம் ஆகிறது. அண்ணன் இப்போது கடல் தாண்டி, பெர்த்தில்.

உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்தால் இதெல்லாம் அழிந்துவிடும் என்று சொன்னேன். "அப்ப விக்கல. காப்பாத்திக் குடுங்க," என்றவர், திரையைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினார். பதிவைக் கணினியில் நகல் எடுத்துவிட்டு, புது பேட்டரியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா எடுக்கத் தயங்கி, பிறகு ஸ்பீக்கரில் போட்டார். ஹலோகூட இல்லை.

"குரங்கு, அதை வித்துடாத. கடைசி பூதம் இன்னும் பாக்கி இருக்கு."

பழசு உசத்தியா புதுசு உசத்தியா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், எது அடிக்கடி ரிப்பேருக்கு வருகிறதோ அதுதான் என்பது.