ஸ்பேஸைத் தட்டாதீங்க

என் தங்கைக்கு வாய் என்று இருப்பது ஒரு பழைய லேப்டாப்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். மூளையில் ரத்தக்கசிவு வந்து பிழைத்து எழுந்தபோது, வலது கை ஆட்காட்டி விரலும் கண்ணிமைகளும் மட்டும்தான் அவள் சொன்னபடி கேட்டன. புத்தி அதே கத்தி. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளிச்சமாகும். வேண்டியது வரும்போது ஒரு பெரிய சிவப்புப் பொத்தானை அமுக்குவாள். வாக்கியம் முடிந்ததும் மெஷின் அதை உரக்கப் படிக்கும். அந்த எழுத்தோட்டத்தை அவள் விரலின் வேகத்துக்குப் பழக்குவதற்குள் எனக்கு மாசக்கணக்கில் பிராணன் போயிற்று.

அந்த லேப்டாப், செய்த கம்பெனியின் சாப்ட்வேர் தவிர வேறெதையும் ஏற்காத ஜாதி. எங்கள் புரோகிராமைப் போட நான்தான் அதன் பூட்டைத் திறந்துவிட்டேன். அதற்குத் தண்டனை போல, ஒவ்வொரு முறை உயிர் பெறும்போதும் ஒரு எச்சரிக்கைத் திரை காட்டும்: பழைய நிலைக்குத் திரும்ப ஸ்பேஸைத் தட்டுங்கள். தட்டி, அடுத்த கேள்விக்கு என்டரும் போட்டால் எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும். பேட்டரியோ உப்பிப்போய் கழற்றியாகிவிட்டது. புதுசு எங்கேயும் கிடைக்கவில்லை. கரண்டு போனால் வீட்டு இன்வெர்ட்டர் பிடித்துக்கொள்ளும், வாஸ்தவம். ஆனால் அது மாறுகிற அந்தக் கண்சிமிட்டலுக்குள் லேப்டாப் அணைந்து, மறுபடி அந்தப் பாழாய்ப்போன திரையில் வந்து நிற்கும். "ஸ்பேஸைத் தட்டாதீங்க" என்று எழுதி ஒட்டியிருந்தேன். பூதலூர்ப் பக்கத்து வெயிலில் அந்தக் காகிதமும் உரிந்து எங்கோ போயிற்று.

ஒருநாள் காலை கடைக்குப் போய்விட்டு உள்ளே வருகிறேன், இடையில் கரண்டு போய் வந்திருக்கிறது. எங்களோடு இருக்கிற சித்தி லேப்டாப் முன்னால் குனிந்து நிற்கிறாள். தங்கையின் கண்கள் பிதுங்கி, இமைகள் படபடவென்று அடித்துக்கொள்கின்றன.

"என்னமோ கேட்டுச்சுடி. இருக்கறதுலயே பெரிய கட்டையா பாத்து அமுக்கினேன். மறுபடி கேக்குது, என்டராம்ல" என்றாள் சித்தி, விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு.

"ஐயோ, கையை எடுங்க சித்தி!"

நான் போட்ட கூச்சலில் சித்தி சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள். என்டர் இன்னும் அமுங்கவில்லை. தப்பித்தோம். ஆனால் தங்கை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறாள். கத்த முடியாது. கத்துவதற்கான வாயைத்தான் சித்தி அழிக்கப் போனாள்.

லேப்டாப் திரும்ப ஓடியதும் தங்கை பொத்தானை அமுக்கினாள். "இதுக்கு ஒரு முடிவு கட்டு."

முடிவு ஒன்றுதான். மெஷின் கண் விழிக்கும்போது முதலில் ஓடுகிற ஃபர்ம்வேரையே மாற்ற வேண்டும். மூல வரிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி, திறந்த மூலத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. போட்டால் எச்சரிக்கைத் திரையே வராது. பாதியில் கெட்டால் மெஷின் வெறும் செங்கல், பிறகு கண்ணே விழிக்காது.

இணையத்தில் விசாரித்தேன். முகம் தெரியாத ஒருவர், தயார் செய்த ஃபைல் தன்னிடம் இருக்கிறது, அனுப்புகிறேன் என்றார். எனக்குப் பாதி உயிர் திரும்பியது. தங்கையிடம் சொன்னேன்.

"அவன் யாரு?" என்றது மெஷின்.

"தெரியாது."

"என் வாய்க்குள்ள யாரோ ஒருத்தன் செஞ்சத வைப்பியா? சோர்ஸ் கோடு வாங்கி நீயே செய், பயந்தாங்கொள்ளி."

டீச்சர் அல்லவா! வீட்டில் போன் சிக்னல் கோழித்தூக்கம். சோர்ஸ் கோடு முக்கால்வாசி இறங்கும், அறுந்துபோகும், முதலிலிருந்து தொடங்கும். டவர் பக்கத்தில் இருக்கிறது என்று புது ஆறு என்கிற கால்வாயின் கரைக்குப் போய், புளிய மரத்தடியில் போனும் பென்டிரைவுமாகத் தவம் கிடந்தேன். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லாத ஆனி மாசம். மாடு மேய்ப்பவர், "பரீட்சையாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பழைய பதிப்புகள் மொத்தத்தையும் கேட்காமல் கடைசிப் பதிப்பை மட்டும் கேட்டால் போதும் என்று கண்டுபிடித்த பிறகு ஒருவழியாக இறங்கியது. பார்த்தால், அதற்குள் இன்னும் சில துண்டுகளுக்கு வேறு இடங்களைக் கைகாட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். எழுதியவர்களின் டிஜிட்டல் கையொப்பம் பொருந்துகிறதா என்று சரிபார்த்தேன். பொருந்தியது. அப்படியும் பயம் போகவில்லை. இத்தனை ஆயிரம் வரியில் எனக்குப் புரிந்தது கைப்பிடி அளவு.

வீட்டு டெஸ்க்டாப்பில் அதையெல்லாம் ஏற்றத் தகுந்த ஒரே ஃபைலாகக் கட்டி முடித்தேன். ஏற்றுவதற்குப் பகலாகப் பார்த்து, மும்முனை கரண்டு வராத நேரமாகப் பொறுக்கினேன். எங்கள் பக்கம் வயலுக்கு மும்முனை கரண்டு முறை வைத்துத்தான் வரும். அது வரும் நேரத்துக்கு யார் ஓடுவது என்று எல்லார் போர் மோட்டாரிலும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி விட்டுவிடுவோம். வந்த நொடியில் எல்லாம் தானாக ஓடும், வீட்டு வோல்டேஜ் படுத்துவிடும். நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்த நேரம் வேறு.

கட்டளையைத் தட்டினேன். திரையில் அழிக்கிறேன் என்று வந்தது. எழுதுகிறேன் என்று வந்தது. தங்கை நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியதில் முறை மாறிப்போனது எனக்கு எப்படித் தெரியும்? மும்முனை வந்தது. சுற்றுவட்டாரத்து மோட்டாரெல்லாம் ஒரே மூச்சில் கிளம்பின, எங்கள் மோட்டார் உட்பட. மின்விசிறி சோர்ந்தது, இன்வெர்ட்டர் 'டக்'கென்றது, லேப்டாப் அணைந்தது. பிறகு எழவே இல்லை. எச்சரிக்கைத் திரைகூட வரவில்லை. அந்த நாசமாய்ப்போன திரை வராதா என்று ஏங்கினேன். மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டியிருக்கலாம் என்ற புத்தி அப்புறம்தான் வந்தது.

டெஸ்க்டாப்பில் அவள் புரோகிராமைப் போட்டுக் கொடுத்தேன். பழக்கிவைத்த வேகமெல்லாம் லேப்டாப்பிலேயே தங்கிவிட்டது; எழுத்துகள் அவள் விரலை முந்திக்கொண்டு ஓடின. அவள் அமுக்க அமுக்க உளறலாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். நான் பின்கட்டுக்குப் போய், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தஞ்சாவூர் போனேன். செல்போன் ரிப்பேர் கடையில், ஃபர்ம்வேர் இருக்கிற சிப்பை வெளியிலிருந்தே பிடித்து எழுதுகிற கிளிப் கிடைத்தது. மத்தியானம் திரும்பி வந்தால் அவள் கன்னமெல்லாம் கண்ணீர்.

"நீ போனதுலேருந்து இப்படித்தான்டி" என்றாள் சித்தி.

ஆமாம் என்றால் ஒருமுறை, இல்லை என்றால் இரண்டு முறை இமைப்பது தங்கைக்கும் எங்களுக்கும் ஏற்பாடு. தாகமா? இல்லை. தலைவலியா? இல்லை. பாத்ரூமா? இல்லை. லேப்டாப்பை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எனக்குள் முடிவுகட்டி, "சரி பண்ணிடுவேன்டி, என்னை நம்பு" என்று தலையைத் தடவினேன். அவள் படபடவென்று இரண்டிரண்டாக இமைத்தாள். நம்பவில்லை போல என்று எடுத்துக்கொண்டேன்.

மெயினை இறக்கினேன். லேப்டாப்பின் வயிற்றைத் திறந்து, சிப்பில் கிளிப்பைக் கவ்வவைத்து, அதே ஃபைலை டெஸ்க்டாப்பிலிருந்து எழுதினேன். கிளிப் நழுவ நழுவ, மறுபடி மறுபடி வைத்தேன். கடைசியில் சரிபார்த்தாயிற்று என்று வந்தது. லேப்டாப்பை முடுக்கினேன். கறுப்பு. கறுப்பாகவே இருந்தது. பிறகு, எந்தத் திரையும் எதையும் கேட்காமல், அவளுடைய எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன.

"வந்துட்டுடி!" என்று தங்கையிடம் கத்திவிட்டுச் சித்தியைக் கட்டிக்கொண்டேன். பொத்தானைத் தங்கையின் விரலடியில் வைத்தேன். எழுத்து ஓட, அவள் அமுக்க, நானும் சித்தியும் சிரித்துக்கொண்டே காத்திருந்தோம். என்ன சொல்வாள்? பயந்தாங்கொள்ளி என்பாள், போனால் போகிறது என்று ஒரு சபாஷ் போடுவாள்.

"முதுகுல எறும்பு. காலையிலேருந்து கடிக்குது."

இருவருமாக அவளை முன்னால் சாய்த்தோம். நாற்காலி மெத்தையின் தையலிலிருந்து சிவப்பு எறும்பு சாரி சாரியாக ஜாக்கெட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. முதுகு முழுக்கத் தடிப்பு. நாங்கள் கேட்ட கேள்விகளில் எறும்பு இல்லவே இல்லை. சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். நான் தங்கையின் தோளைப் பிடித்தபடி ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

பொத்தான் மறுபடி 'டிக்' 'டிக்'கென்றது.

"அப்புறம் அழு. மொதல்ல தட்டிவிடு."