காலில்லாத மூன்று குருவிகள்

வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமிலிருந்து வெளியே விடப்பட்டு மாமா எங்கள் வென்ட்வேர்த்வில் வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது. அம்மாவின் கடைசித் தம்பி அவர். விசா வழக்கு முடியும்வரை இங்கே இருக்கலாம், அதற்குப் பிறகு எங்கே என்று யாருக்கும் தெரியாது. பெரியவர்கள் அதைப் பற்றிக் குசினிக்குள் மட்டும், அதுவும் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் மாமாவுக்கு வேலை. என்ஜினைத் தொட விடமாட்டார்கள். காரிலிருந்து கழற்றிய சின்னங்களை மினுக்குவதோடு சரி. சில நாள் அவற்றைத் துணியில் சுற்றி வீட்டுக்கும் கொண்டுவந்து, பின்வளவுப் படியில் இருந்து தேய்த்தபடி எனக்கு அவற்றின் பூர்வீகம் சொல்லுவார். ‘வி’ என்ற எழுத்து இருந்தால் உள்ளே எட்டுச் சிலிண்டர். அதே எழுத்து பொன்னிறமாய் இருந்தால் விலை கூடிய வகை, வெள்ளியாய் இருந்தால் சாதாரண வகை. மற்றபடி இரண்டுக்கும் ஒரே உடம்புதான். “மனுசர் மாதிரித்தான்” என்பார். தகட்டில் பட்ட வெயில் வேலிப் பலகையில் ஓடும், நான் அதைப் பிடிக்க ஓடுவேன். அந்தப் பின்னேரங்களை இப்போது நினைத்தால், நித்திரையில் நடந்தவைபோல இருக்கின்றன.

அத்தை மகனின் கல்யாணத்துக்கு, மாப்பிள்ளையை ஏற்றிப்போக, பட்டறை முதலாளி ஒரு வெளிர்நீலக் காரைத் தந்தார். எங்கள் வீட்டு வாசலின் பாதியை அது அடைத்துக்கொண்டு நின்றது. அதன் முகப்பில் கேடயம்போல ஒரு சின்னம், அதற்குள் மூன்று கறுப்புக் குருவிகள். மூன்றுக்கும் காலில்லை.

“ஏன் மாமா?”

“அது அந்தக் காலத்துப் பிரபுக்களின்ரை சின்னம், பிள்ளை. காணியெல்லாம் மூத்தவைக்குப் போயிடும். கடைக்குட்டிக்குக் கால்வைக்க நிலமில்லை. அதுதான் குருவிக்கும் காலில்லை.”

“அப்ப எங்கை இறங்கும்?”

“இறங்காது. பறந்துகொண்டே இருக்கும்.”

எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. நித்திரை வந்தால் அவை என்ன செய்யும்? அம்மா நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்துவிட்டு, சந்தனமும் குங்குமமும் குழைத்த தட்டைக் காரின் மேலேயே வைத்துவிட்டு, கற்பூரம் எடுக்க உள்ளே போயிருந்தார். நான் பல் குத்தும் குச்சி ஒன்றைக் குங்குமத்தில் தோய்த்து, ஒவ்வொரு குருவிக்கும் இரண்டு கால் கீறினேன். விரல்கூட வைத்தேன்.

“ஐயோ, என்னடி செய்து வைச்சிருக்கிறாய்? ஆரின்ரையோ கார்!” கொளுத்திய கற்பூரத்தைப் படியில் வைத்துவிட்டு, அம்மா சேலைத் தலைப்போடு துடைக்க ஓடிவந்தார்.

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “விடுங்கோ அக்கா. கொஞ்ச நேரம் நிண்டுபோட்டுப் போகட்டும்.” சிரித்தார்தான், ஆனால் கண் கலங்கியிருந்தது. கற்பூரப் புகை என்று நினைத்தேன்.

தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு கார் புறப்பட்டது. பின்னால் மாப்பிள்ளை வேர்த்துக்கொண்டிருக்க, நான் முன்னால் மாமாவின் பக்கத்தில் ராணியாய் இருந்தேன். ஸ்ட்ராத்ஃபீல்ட் மண்டபம்வரை வழியெல்லாம் மரங்களும் மேகங்களும் அந்த நீலத் தகட்டின்மேல் வழுக்கி வந்தன. என் குருவிகள் அந்த மேகங்களின்மேல் காலூன்றி நடக்கின்றன என்று நம்பினேன். அந்தப் பயணம் முடியாமலே இருந்திருக்கலாம்.

அடுத்த கிழமை மாமாவின் வழக்கு. வெள்ளைச் சட்டை போட்டு, அப்பாவின் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் படியில் இருந்தவர், என்னைக் கூப்பிட்டு வெறுங்காலை நீட்டினார்.

“அந்தக் குங்குமத்தை எடுத்து வா பிள்ளை. எனக்கும் கீறிவிடு.”

“உங்களுக்குத்தான் ரெண்டு காலும் இருக்கே மாமா!”

“இருந்தாலும் கீறு.”

பெருவிரலில் ஒரு கோடு இழுத்தேன். அதன்மேல் கவனமாகக் காலுறையைப் போட்டார். “போயிட்டு வாறன்” என்று எழுந்தார்.

வழக்கில் அவர் தோற்றதும், அவரை ஊருக்கே திருப்பி அனுப்பியதும் பிறகு நடந்தவை. அந்தக் காலையில் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அம்மா குசினிக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டார். கழுவ ஒரு பாத்திரமும் இல்லாத நேரத்தில் எதற்குத் தண்ணீர் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தச் சத்தத்திலும் அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று, நான் இன்னும் பலமாகச் சிரித்தேன்.