கண்ணுக்கு வைத்த பொட்டு

ஆரம்பாக்கத்துச் செங்கல்வராயனுக்கு எட்டு விரல்கள். பிறந்தபோது பத்துதான். இடது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் 1967இல் மெட்ராஸில் ஒரு தகரப் பட்டறையில் தகட்டை அடித்து வெட்டும் பிரஸ் மெஷின் வாங்கிக்கொண்டது. "கவனமா இருந்திருக்கணும்" என்றார் முதலாளி. நாளைக்கு மூவாயிரம் தடவை கையை உள்ளே விட்டு எடுக்கிறவன் மூவாயிரம் தடவையும் கவனமாக இருக்கவேண்டுமாம்! சொல்கிறவருக்கு என்ன, அவர் விரல் பத்தும் பத்திரம்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் நெல் அறுத்தான், மூட்டை தூக்கினான். எந்தத் தொழிற்சாலை வாசலில் போய் நின்றாலும் முதலில் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். 1974இல் கும்மிடிப்பூண்டியில் டப்பா மூடி செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தது கூட, அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்த பழவேற்காட்டு அப்துல் ஜப்பார் சொல்லித்தான். வேலை மறுபடியும் பிரஸ். மனைவி கங்கம்மாள் சோறு போட்ட கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாத்துக்கு மறுபடியும் அதே எயவு?"

"இதுக்குக் கண்ணு கீதாமே. கை உள்ள இருந்தா அடிக்காதாம்."

அவனுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை. பழைய வெளிநாட்டு மெஷின். ஒரு பக்கம் சின்ன விளக்கு. எதிர்ப்பக்கம் ஓர் இரும்புப் பெட்டி, அதில் நாலணா அகலத்துக்கு ஒரு கண்ணாடி. ஜப்பார் பெட்டியைத் திறந்து உள்ளேயிருந்த கண்ணாடிக் குழாயைக் காட்டினான்.

"உள்ள வளைவா ஒரு தகடு தெரியுதா? அதும்மேல உலோகப் பூச்சு. வெளிச்சம் பட்டா அதுலேர்ந்து எலக்ட்ரான் கெளம்பும். எதிர்ல நிக்கற கம்பி அதை இயுத்துக்கும். அதான் கரண்ட்டு. அது ஓடற வரைக்கும் பிரஸ் அடிக்கும். உன் கை நடுவுல வந்தா வெளிச்சம் பூடும், கரண்ட்டு நின்னுடும், பிரஸ் எறங்காது."

"கெளம்பறதைப் பாக்க முடியுமா?"

"முடியாது. அம்மாம் பொடிசு."

"இப்படிக் கெளம்பிக்கினே இருந்தா தகடு தேஞ்சிப் பூடாதா பாய்?"

ஜப்பார் சிரித்தான். "போனது ஒயர்ல சுத்தி வந்து சேந்துடும். பயப்படாம வேலையப் பாரு."

பயப்படாமல் எங்கே பார்த்தான்? முதல் வாரம் முழுக்க, ஷிஃப்ட் தொடங்குமுன் ஒரு தகரத் துண்டை உள்ளே நீட்டிக்கொண்டு பெடலை மிதித்துச் சோதித்தான். பிரஸ் ஒருநாளும் இறங்கவில்லை. போகப்போக அந்தக் கண்ணின்மேல் அவனுக்குப் பாசமே வந்துவிட்டது. தினமும் காலையில் பழைய பனியன் துணியால் அதைத் துடைப்பான். ஒரு வருஷம் ஆயிற்று. எட்டு விரலும் எட்டாகவே இருந்தன.

ஆயுத பூஜை வந்தது. செங்கல்வராயன் பிரஸ்ஸைத் துடைத்து, மேலிருந்து கீழ்வரை சந்தனமும் குங்குமமும் வைத்தான். தன்னைக் காப்பாற்றுகிற கண்ணை விட்டுவிட மனசு வருமா? அதற்குத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய பொட்டு.

லீவு முடிந்து வந்த காலையில், அலங்காரம் கலையக் கூடாதென்று அவன் எதையும் துடைக்கவில்லை. பெடலை மிதித்தால் பிரஸ் அசையவில்லை. ஜப்பார் தங்கை கல்யாணத்துக்குப் பழவேற்காடு போயிருந்தான். போர்மேன் ராஜவேலு விளக்கை மாற்றினார், ஃபியூஸை மாற்றினார். மெஷின் முழுக்கப் பொட்டாக இருக்கையில் எந்தப் பொட்டைச் சந்தேகப்படுவது? பத்து மணிக்கு அவர் பொறுமை போய்விட்டது. பெட்டிக்குப் பின்னால் இரண்டு ஒயர்களைச் சேர்த்து முறுக்கிவிட்டுப் பெடலை மிதித்தார். பிரஸ் கடக்கென்று இறங்கியது.

"கண்ணை வுட்டுட்டு டைரக்ட்டா குடுத்துட்டேன். உக்காரு."

"கண்ணு இல்லாம ஓட்ட மாட்டேன் சார்."

"லாரி வந்து நிக்குதுய்யா. ஓட்ட முடியாதுன்னா ஊட்டுக்குப் போ. நாளையிலேர்ந்து வராத."

எட்டு விரல்காரனுக்கு வேறு யார் வேலை தருவார்கள்? அது ராஜவேலுவுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். முக்காலியில் உட்கார்ந்தான். தகட்டை எடுத்தான். கை உள்ளே போகமாட்டேன் என்றது. போன விரல்கள் இரண்டும் வலிப்பதுபோல் இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அழுகை வந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பழக்கத்தில் கண்ணைப் பார்த்தான். கண்ணாடி தெரியவில்லை, பொட்டுதான் தெரிந்தது.

வெளிச்சம் பட்டால்தானே கிளம்பும்!

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பனியன் துணியால் பொட்டை வழித்தெடுத்தான்.

"சார், ஒயரைப் பிரிங்க. இப்ப ஓடும். கண்ணை அடைச்சது நாந்தான். பொட்டு வெச்சிட்டேன்."

ராஜவேலு வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே ஒயரைப் பிரித்தார். பிரஸ் ஓடியது. செங்கல்வராயன் தகரத் துண்டை உள்ளே நீட்டி மிதித்தான். பிரஸ் இறங்கவில்லை. அதற்குப் பிறகுதான் கையை விட்டான். சாயங்காலம், மெஷினை நிற்கவைத்ததற்காகக் கம்பெனியில் கொடுத்த மெமோவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினான்.

அடுத்த ஆயுத பூஜைக்கு ராஜவேலுவே சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பிரஸ்ஸில் ஒவ்வொரு இடமாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், அந்தக் கண்ணாடிக்கு நேரே விரலை நீட்டினார். செங்கல்வராயன் தன் இடது கையால் அதை மூடிக்கொண்டான்.

"இதுக்கு வாணா சார். இது பாத்துக்கினே இருக்கணும்."

ராஜவேலு அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விரலிலிருந்த சந்தனத்தை அவன் நெற்றியில் வைத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார்.