நிறுத்தச் சொன்ன மாத்திரை

என் கணவரின் நெஞ்சுக்குள்ளிருந்து சத்தம் வரும். இதய வால்வு பழுதாகி, மெட்ராஸில் அறுவை சிகிச்சை செய்து, உலோக வால்வு ஒன்றைப் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், சுவர்க் கடிகாரம் மாதிரி டிக் டிக்கென்று கேட்கும். மொரப்பூர் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார் அவர். பரீட்சை நேரத்தில் வகுப்பு அமைதியானதும் பிள்ளைகள் அவர் சட்டைப் பையையே பார்ப்பார்களாம். "பூனைக்கு மணி கட்டி அனுப்பிட்டாங்க. இனிமே எனக்குத் தெரியாம எங்கயும் போவ முடியாது" என்று கேலி செய்வேன். சிரிப்பார்.

வால்வோடு ஒரு மாத்திரையும் வந்தது. ரத்தம் கட்டாமல் இளக்கமாக வைத்திருக்கிற மாத்திரை. அது இல்லாவிட்டால் வால்வில் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து என்று மெட்ராஸ் டாக்டர் என்னைத்தான் உட்கார வைத்துச் சொன்னார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர், தன் மாத்திரையை மறந்துவிடுவார். அதனால் சாப்பாட்டுத் தட்டோடு மாத்திரையும் வைப்பது என் வேலையாயிற்று. சவரம் செய்யும்போது சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது. துண்டை அழுத்திப் பிடித்தபடி இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதற்கெல்லாம் பழகியிருந்தோம்.

பிறகு குடலிறக்கம் வந்தது. அடிவயிற்றில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம். தர்மபுரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேஷன் செய்கிற டாக்டர் சேலத்திலிருந்து வாரம் ஒருமுறை வந்து போவார். வீக்கத்துக்கு அவசரமில்லை, ஆனாலும் செய்துகொள்வது நல்லது என்றார். மாத்திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இதைச் சாப்பிடறவங்க உடம்புல கத்தி வெச்சா ரத்தத்தை நிறுத்த முடியாதும்மா. நாலஞ்சு நாள் முன்னாடியே நிறுத்திடுங்க. அட்மிட் ஆனதும் அதுக்குப் பதிலா ஊசி போட்டுப் பாத்துக்கறேன். நான் சொல்ற வரைக்கும் மறுபடி தொடாதீங்க."

நல்ல டாக்டர்தான், இன்றைக்கும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். சாப்பிட்டாலும் ஆபத்து, நிறுத்தினாலும் ஆபத்து. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது என்கிற நிலைமையில் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். சொன்னபடியே நிறுத்தினோம்.

அட்மிட் ஆகத் துணிப்பையெல்லாம் கட்டி வைத்த அன்று காலையில் பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். சாவு வீட்டிலிருந்து திரும்பிய என் மாமனார், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, ஈரத்தோடு நின்றபடியே சொன்னார்: "ஆஸ்பத்திரி இப்ப வேணாம். தீட்டுல உடம்புல கத்தி படக்கூடாது. காரியம் முடியட்டும்."

காரியம் என்றால் பதினாறாம் நாள். அதுவரை எங்கள் பக்கம் பங்காளிகள் யாரும் புதுக் காரியம் எதையும் தொடங்குவதில்லை. காதுகுத்தையே தள்ளி வைக்கிறவர்கள், வயிற்றைக் கிழிப்பதைத் தள்ளி வைக்க மாட்டார்களா? அதில் எனக்கும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அப்ப மாத்திரைங்க மாமா?"

"டாக்டருதானம்மா நிறுத்தச் சொன்னாரு? அவரு சொல்லாம நாம எப்படிக் குடுக்கறது?"

என் கணவரும் தலையாட்டினார். டாக்டர் பேச்சைத் தட்டாத குடும்பம் எங்களுடையது.

எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் ஏறித் தர்மபுரிக்குப் போனேன். டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், அடுத்த வாரமும் வருவது சந்தேகம் என்றார்கள். அங்கிருந்த நர்ஸம்மாவிடம் கேட்டேன். "தொடக்கூடாதுன்னு சொன்னாரில்ல? அப்பத் தொடாதீங்க. நான் ஒண்ணு சொல்லி, அது ஒண்ணு ஆயிட்டா?" என்றார். தபால் ஆபீசில் மெட்ராஸுக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மதியம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். லைன் கிடைத்தது. "டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காரு. உங்க போன் நம்பர் குடுங்க, பேசச் சொல்றேன்" என்றது ஒரு குரல். எங்கள் ஊரில் யார் வீட்டில் போன் இருந்தது? அதைச் சொல்வதற்குள் லைன் அறுந்துபோயிற்று.

வீட்டுக்கு வந்து மாத்திரையைக் கையில் எடுத்தேன். நான் கொடுத்து, டாக்டர் திடீரென்று ஆள் அனுப்பிக் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. கொடுக்காவிட்டால் வால்வு. இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மாத்திரையை மறுபடி டப்பாவிலேயே போட்டேன். சமையல் பாத்திரங்களை அன்றைக்குப் போட்டு உருட்டியதுதான் என்னால் முடிந்தது.

காரியம் நெருங்கிய சமயம், குனிந்து அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்கவில்லை. என் காதுதான் அடைத்துவிட்டதோ என்று அவர் நெஞ்சிலேயே காதை வைத்தேன். துணி சுற்றிய சுத்தியலால் தட்டுவது போல் மங்கலாக ஏதோ கேட்டது. பயந்துபோய் மாமனாரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"புது மோட்டாரு அப்படித்தாம்மா. ஓடி ஓடிப் பதமாயிட்டா சத்தம் அடங்கிரும். உள்ள நல்லா பதிஞ்சிருச்சு."

"இனிமே பரீட்சையில பசங்க என் சட்டைப் பையைப் பாக்க மாட்டாங்க" என்றார் என் கணவர். அவருக்கு அத்தனை சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் மண்ணை அள்ளிப் போட எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தாலும் மூச்சு வாங்கியது. மொரப்பூரில் ரயில் ஏறினோம். மாமனார் தீட்டையும் பார்க்காமல் கூடவே வந்தார். வழி முழுக்க மகனைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே இருந்தார்.

மெட்ராஸ் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தவர், எடுத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "ஆபரேஷன் தள்ளிப்போச்சுன்னா அன்னைக்கே மாத்திரையை மறுபடி ஆரம்பிச்சிருக்கணும். அவ்வளவுதாம்மா" என்றார். உள்ளே கொண்டுபோய் மறுபடி நெஞ்சைத் திறந்தார்கள். என் கணவர் பிழைக்கவில்லை.

செய்தி கேட்டு மாமனார் தரையில் உட்கார்ந்து சின்னக் குழந்தை மாதிரி அழுதார். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"நல்ல வேளைம்மா, தீட்டுல கத்தி வெக்க நான் வுடல. வெச்சிருந்தா தர்மபுரியிலயே போயிருப்பான். இத்தனை நாளாவது நம்ம கூட இருந்தான். இல்ல?"

பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னது என் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"ஆமாங்க மாமா" என்றேன்.