மேலே தொங்கிய நான்கு மணிகள்

போன வருடம் மே மாதம் நடந்தது இது. உத்திரமேரூர் பக்கம் பெருநகரில் எங்கள் வீடு. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு தினமும் உத்திரமேரூர் போய்வருவேன். முழுப்பரீட்சை லீவு என்பதால் வேனும் சும்மா நின்றது, நானும் சும்மா இருந்தேன். மாகறலில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை பத்து நாள் தங்கிவிட்டுப் போக வந்திருந்தாள்.

வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தபோது எங்கள் பழைய வீடியோ கேம் பெட்டி கிடைத்தது. கூடவே எங்களிடம் இருந்த ஒரே ஒரு சிடி. தொப்பி போட்ட ஒரு கோழிக்குஞ்சு தீவு தீவாகத் தாவிப் போய் மணிகளைச் சேர்க்கும். அதற்கு முன்னால் நாங்கள் பார்த்ததெல்லாம் இடமிருந்து வலம் ஓடுகிற விளையாட்டுகள்தான். இதிலோ மலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகலாம், குகைக்குள் நுழைந்து எட்டிப் பார்க்கலாம். சின்ன வயதில் வாயைப் பிளந்துகொண்டு விளையாடினோம். ஒரு தீவுக்கு நூறு மணி, நூறும் எடுத்தால்தான் அடுத்த தீவு. மெமரி கார்டு கிடையாது. கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது? அப்படி ஆரம்பித்து ஆரம்பித்தே ஒவ்வொரு மணியும் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

அரசாங்கம் கொடுத்த பழைய இலவச டிவியில் மாட்டினோம். ஓடியது! இருப்பது ஒரு ரிமோட். குஞ்சு செத்தால் அது கைமாற வேண்டும், விளையாடாதவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டும். இதுதான் எங்கள் பழைய சட்டம்.

"நீ வேணா பாரு, ஒரே மூச்சுல முடிக்கிறேன்" என்று அலட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். இரண்டாவது தீவிலேயே மானம் போனது. பாறை ஓரம் ஏழு மணி இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது.

"சிடி கீறிப்பூடுச்சுமா. நாலு மணியக் காணோம்."

"இன்னாண்ணா சொல்ற? ஏழும் தொங்கிக்கினுதான கீது!"

"என்னாண்டயே கலாய்க்கிறியா?"

அதோடு விட்டதா? ஒரு கழுகு வேறு. நாலைந்து தடவை குஞ்சைக் கொத்திக் கொன்றது. "இது எங்கேந்து வருதுன்னே தெரியல, திடீர்னு தலைமேல முளைக்குது" என்று கத்தினேன். பாவம் பார்த்து ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கொடுத்த தங்கை, கடைசியில் ரிமோட்டைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். அவள் ஒருதடவைகூடச் சாகவில்லை. எனக்கு வந்த கோபத்தில் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டேன். தோற்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது.

திரும்பி வந்தபோது அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அந்தப் பாறை ஓரத்தில் ஆட்டத்தை நிறுத்தி வைத்திருந்தாள்.

"இங்க குந்து. குஞ்சோட காலையே பாரு, கண்ண அசைக்காத. எத்தினி மணி தெரியுது?"

"மூணு."

"இப்ப கண்ண மேல தூக்கு."

பளபளவென்று நான்கு மணி. மறுபடி குஞ்சின் காலைப் பார்த்தேன். நான்கும் காணவில்லை. சிடியில் ஒன்றும் இல்லை. என் கண்ணுக்குத்தான் மேல்பக்கம் இல்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு புளியமரக் கிளை வேன் கூரையில் உரசி, பிள்ளைகள் அலறினார்கள். கிளையை வெட்டாதவர்களை நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கிளையைப் பார்க்காதது நான்! இப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தால் அதே பதினாறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான்தானே ஓட்ட வேண்டும்?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தங்கை என்னைக் காஞ்சிபுரத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். ஒரு மிஷினுக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, சுற்றி எங்கே வெளிச்சம் மின்னினாலும் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். மேல்பக்கம் எத்தனையோ வெளிச்சங்கள் வந்துபோயிருக்கின்றன, நான் அமுக்கவே இல்லை.

என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்துவிட்டு, "கண்ணுக்கு ஏதாவது மருந்து போடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

பெருமையாகச் சட்டைப் பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தேன். மூன்று வருடம் முன்பு நெல் அறுப்பு மிஷின் தூசு பட்டுக் கண் சிவந்தபோது ஒரு டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தது. போட்ட உடனே ஜில்லென்று சரியானது. அப்புறம் எதற்கு டாக்டர்? கண் கரித்தால் காலிப் பாட்டிலை மெடிக்கலில் காட்டி வாங்குவேன். தெருவில் யாருக்குக் கண் சிவந்தாலும் நானே வாங்கிக் கொடுப்பேன். எங்கள் பக்கம் பாதிப் பேர் இப்படித்தான்.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுல ஸ்டீராய்டு இருக்கு. இப்படி வருஷக்கணக்கா போட்டா கண்ணுல அழுத்தம் ஏறி நரம்பைச் சாகடிச்சிடும். வலியே தெரியாது. ரெண்டு கண்ணுலயும் மேல் பக்கம் கொஞ்சம் போயிடுச்சு. போனது திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நடுப்பார்வையும் போயிருக்கும். இனிமே பிள்ளைங்க வண்டி ஓட்டாதீங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக, மருந்து வாங்கிக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய்ப் பாட்டிலைத் திரும்ப வாங்கினேன். "நீதானப்பா குடுத்த?" என்று கேட்டார்கள். ஆமாம், நான்தான். வெட்கத்தைப் பார்க்காமல் அவர்களையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒருவருக்கு அழுத்தம் ஏற ஆரம்பித்திருந்தது; பார்வை போவதற்குள் பிடித்துவிட்டார்கள்.

பழைய மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரம்மா கொடுத்ததைப் போட்டுவந்தேன். மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது எனக்கும் அழுத்தம் இறங்கியிருந்தது. "இதே மாதிரி இருந்தா பயமில்லை" என்றார் டாக்டரம்மா. அப்பாடா! அந்த ஒரு வார்த்தையில் போன உயிர் திரும்பி வந்தது. தங்கைக்குப் போன் போட்டேன். "அப்ப ரெண்டாவது தீவ எப்பண்ணா முடிக்கிறது?" என்றாள்.

இப்போது வேனை வேறொருவர் ஓட்டுகிறார். நான் கதவோரம் நின்று பிள்ளைகளைக் கைப்பிடித்து ஏற்றி இறக்குகிறேன். ஸ்டீயரிங்கை விட்டது வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலம் கடைசிப் பிள்ளையும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போவதைப் பார்க்கும்போது, பார்க்க எனக்குக் கண் மிச்சம் இருக்கிறது, என் கண்ணால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.