அரம் போட்டுப் பார்க்கிறவள்

முதலில் எடை. கடையில், ஈயம் பற்றவைக்கும் கோலின் செம்பு முனையை உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் போட்டுப் பிடிப்பாள். பிறகு மடியிலிருந்து அரத்தை எடுத்து, கடைக்காரர் "ஏய், ஏய்!" என்பதற்குள் முனையின் ஓரத்தில் ஓர் இழுப்பு. உள்ளேயும் சிவப்பாக இருந்தால் தலையை ஆட்டுவாள். மஞ்சள் அடித்தால் பித்தளைக் கலப்பு. வெள்ளையாகத் தெரிந்தால் இரும்பு. அப்படிப்பட்டதை எச்சில் இலையை நகர்த்துவது போல ஒரு விரலால் தள்ளிவிடுவாள்.

"மேல பூசின செம்பு ரெண்டு நாளு பளபளன்னு இருக்கும்யா. நெருப்புல போட்டா தோலை உரிச்சுக்கினு நிக்கும். ஈயம் ஒட்டாது, முத்து முத்தா உருண்டு ஓடிடும்" என்பாள்.

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் மில்லில் எண்ணெய் டின்களை ஈயத்தால் பற்றவைப்பவள் சவுரியம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அதே மில்லில் நான் குமாஸ்தா. அவள் புருஷன் ராயப்பன் ரயில்வேயில் கரி அள்ளுகிறார். ஈயத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தொழில் இவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. வேலை செய்யும்போது முனையோடு பேசுவாள்: "இன்னாடி, சூடு பத்தலியா? இரு, இரு." கரியடுப்பில் முனையைச் சுற்றி நெருப்பு பச்சையாகும் வரை காத்திருப்பாள். எடுத்ததும் அழுக்குப் போக நவச்சாரக் கட்டியில் ஒரு தேய்ப்பு, ஈயத்தில் ஒரு தொடல். நல்ல முனையென்றால் ஈயம் கண்ணாடி போலப் படரும். அந்தப் புகைக்கு நாங்கள் அத்தனை பேரும் இருமுவோம், அவள் மட்டும் இரும மாட்டாள். முடித்த டின்னைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரவில்லை என்று பார்த்த பிறகுதான் கையைவிட்டுக் கொடுப்பாள்.

இப்படிப்பட்டவளைத்தான் போன மாசியில் விழுப்புரத்தில் ஏமாற்றினார்கள்.

பழைய முனை தேய்ந்து போயிருந்தது. யுத்தம் வந்ததிலிருந்து செம்பு குதிரைக்கொம்பு. விடிந்ததும் முதல் ரயிலைப் பிடித்துப் போய், சக்கரபாணியின் இரும்புக்கடையில் நின்றாள். அப்போதுதான் சாம்பிராணி காட்டிக் கடை திறந்திருந்தார்கள். முனையைத் தூக்கிப் பார்த்தாள். எடை கொஞ்சம் குறைவாகத்தான் பட்டது. அரத்தை எடுத்தாள்.

"போணி நேரத்துல சரக்குல அரம் போடாதேம்மா, நாளு பூரா வெளங்காது. சுத்தச் செம்பு, நான் சொல்றேன்ல?" என்றார் சக்கரபாணி.

முதல் வியாபாரத்தைக் கெடுக்கக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். ஒருத்தர் பிழைப்பு ஆயிற்றே என்று அரத்தை மடியில் செருகிக்கொண்டு, முனையை வாங்கி வந்துவிட்டாள். பிறத்தியார் போணியை மதித்தாளே, அந்த மரியாதையைத்தான் அந்த மனிதர் விற்றுத் தின்றார்!

மூன்றாம் நாளே முனை பல்லை இளித்தது. நேரே மில் முதலாளி ஜினபாலனிடம் போனாள். "மொதலாளி, இது இரும்பு. சூடு நிக்கல. ஈயம் மேலாக்க ஒக்காந்துக்கினு இருக்குது, உள்ள எறங்கல. தண்ணியில போட்டா ஒழுகாது, வண்டி குலுக்கினா விட்டுடும். ரெண்டு நாளு குடுங்க, வேற வாங்கியாறேன்."

"வேகன் வந்து நிக்குது. பேஜாரு பண்ணாதே, ஜல்தி முடி" என்றார் அவர். பக்கத்தில் நின்று இதை நான் கேட்டேன்.

அவள் சொன்னபடியே, அந்த முனையால் பற்றவைத்து அனுப்பிய டின்கள் வழியில் வாய் பிளந்தன. எண்ணெய் ஒழுகிவிட்டது என்று சரக்கு எடுத்தவரிடமிருந்து கடிதம் வந்த அன்று களத்தில் நாற்பது பேர் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் ஜினபாலன் கத்தினார்: "பொம்பளை கையில பத்த வெச்சா இப்படித்தான்! நாளையிலேருந்து வேற ஆளு பாத்துக்கறேன்."

என்ன அநியாயம்! எச்சரித்தது அவள், அவசரப்படுத்தியது இவர், பழி மட்டும் அவள் கைக்கு. களத்தில் இருந்தவர்கள் மல்லாட்டைமேல் குனிந்துகொண்டார்கள். எல்லாம் தெரிந்த நானும் பேனாவைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன். வெட்கக்கேடு!

சவுரியம்மாள் அழவில்லை. முனையைக் கல்லின்மேல் வைத்து மிதித்துக்கொண்டு, ரம்பத்தால் குறுக்கே அறுத்தாள். விளிம்பில் வெங்காயத் தோல் அளவுக்குச் சிவப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. "தோ பாருங்க. இது என் கையோட குத்தமா?" என்று ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே நீட்டிவிட்டுப் போனாள். மறுநாள் விழுப்புரத்தில் கடை நிறையக் கூட்டம் இருந்த நேரம் பார்த்து, இரண்டு துண்டையும் சக்கரபாணி முன்னால் போட்டாளாம்.

"சண்டைக் காலம்மா. எனக்கு வந்ததை நான் வித்தேன்" என்றாராம் அவர்.

"வித்தியே, அதைக்கூட விடுய்யா. அரம் போடாதேன்னு சொன்னியே, அதுக்கு இன்னா அர்த்தம்?"

அன்றைக்கே வேறொரு கடையில், அரம் போட்டுப் பார்த்து, அசல் செம்பு முனை ஒன்று வாங்கிக்கொண்டாள்.

மில்லுக்கு வந்த புது ஆள் ஒரு வாரத்தில் ஓடிப்போனான். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்னு சொல்லுங்க. வேலைக்கு வரச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். "அன்னிக்கு நாப்பது பேரு கேட்டாங்க. இன்னிக்கு நீங்க ஒருத்தர் வந்து காதுல ஓதுறீங்க" என்றாள். எனக்கும் சேர்த்துத்தான் அந்த அடி.

ஆனாலும் காலையில் வந்தாள். களத்தின் நடுவில் அடுப்பை வைத்தாள், கரியைப் போட்டாள், புது முனையைச் செருகினாள், தீக்குச்சியைக் கையில் எடுத்தாள். கிழிக்கவில்லை. "மொதலாளி வரட்டும்" என்றாள். மல்லாட்டை உரித்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

ஜினபாலன் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு, "உன் கையில குத்தமில்லம்மா. நீ சொன்னதை நான்தான்..." என்று ஏதோ முணுமுணுத்தார். நாலடி தள்ளி நின்ற எனக்கே பாதிதான் கேட்டது, களத்திலிருந்த நாற்பது பேருக்கு எங்கே கேட்கும்?

சவுரியம்மாள் தீக்குச்சியைக் கீழே வைத்தாள். தலைமயிரை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தாள்.