படிவத்தின் மூலையில் ஒரு பொட்டு

அந்த வருஷம் திண்டிவனத்தைச் சுற்றியிருந்த எந்த ஊரிலும் ஒரு பிள்ளைகூடச் சாப்பிடவில்லை. தூங்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை, என் கையெழுத்தில் நிரம்பிய படிவங்கள் சொல்லின.

எண்பதுகளின் நடுவில், டிகிரி முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. மெட்ராஸிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா குழந்தைகளின் மனநலத்தையும் வளர்ச்சியையும் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சின்னப் பிள்ளைகள் எப்படிப் பேசுகின்றன, யாரோடு விளையாடுகின்றன, எதற்கு மிரளுகின்றன என்று வீடு வீடாகப் போய் அம்மாக்களைக் கேட்டு எழுத வேண்டும். மேசை இல்லாத வேலை, நாற்காலி இல்லாத வேலை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தால் என் முட்டி தானாக ஆடும், முட்டியோடு பெஞ்சு ஆடும், பெஞ்சோடு பக்கத்தில் இருப்பவர்களும்.

பயிற்சி நாளில் படிவத்தை எங்கள் பால்யத்தின் மீதே பரீட்சை பார்க்கச் சொன்னார் டாக்டர். ஓரிடத்தில் நில்லாமல் அலைகிறதா? ஆம். தொடங்கியதைப் பாதியில் விடுகிறதா? ஆம். பிறர் பேசி முடிக்கும் முன்...

"ஆமாங்க மேடம்" என்றேன், அவர் கேள்வியை முடிக்கும் முன்.

கூட்டிப் பார்த்தவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உன்னை வேலையில சேக்கறதா, முகாம்ல சேக்கறதா?"

முகாம் என்பது கோடையில் விழுப்புரத்தில் நடக்கவிருந்தது. படிவத்தில் குறைகளுக்கான மதிப்பெண் ஓர் எல்லைக்கோட்டைத் தாண்டினால் அந்தப் பிள்ளையை அங்கே அழைப்பார்கள். டாக்டரும், காது பரிசோதிக்கிறவரும், பேச்சுப் பயிற்சி தருகிறவரும் பார்ப்பார்கள். இடம் கொஞ்சம்தான். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்: அம்மா சொன்னதை எழுது, நீ பார்த்ததை எழுதாதே.

முதல் ஊர், முதல் வீடு. வாசலில் வேர்க்கடலையை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து என் பையைப் பார்த்தார்.

"இன்னாமா, ஆபரேஷனுக்கு ஆள் புடிக்க வந்தியா?"

"இல்லைங்கக்கா. பிள்ளைங்களைப் பத்திக் கேக்க வந்தேன்."

"அதான். இருக்கறதைப் பத்திக் கேட்டுட்டு, இனிமே வேணாம்னு சொல்லுவ."

"பையன் நல்லா சாப்பிடுறானாங்க?"

"எங்க சாப்புடறான். ஒரு வாய் எறங்க மாட்டுது."

அவருக்குப் பின்னால் அந்தப் பையன் கேப்பைக் கூழ்ச் சட்டிக்குள் தலையை விட்டிருந்தான். சட்டி காலியானதும் தலையை வெளியே எடுத்து, மூக்கில் கூழோடு, இன்னும் வேண்டும் என்று கை நீட்டினான். நான் எழுதினேன்: உணவை மறுக்கிறது, ஆம்.

தூங்குவானா? கண்ணே மூடறதில்ல. விளையாடுவானா? எங்க, எந்நேரமும் மூலையில குந்திக்கினு இருக்கான். அடுத்த வீடும் அப்படி. அதற்கடுத்த தெருவும் அப்படி. கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளையெல்லாம் நான் வரிசையாக நோயாளிகளாக்கிக்கொண்டே போனேன்.

சனிக்கிழமைகளில் படிவக் கட்டோடு விழுப்புரத்துக்குப் பாசஞ்சர் ஏறுவேன். ஜங்ஷனுக்குப் பக்கத்தில், ஒரு ஓட்டலுக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். கீழிருந்து சாம்பார் வாசனையும், பக்கவாட்டிலிருந்து எஞ்சின்களின் ஊதலும் ஏறி வந்து காகிதங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். டாக்டர் என் கட்டைப் புரட்டினார். திரும்பவும் புரட்டினார்.

"திண்டிவனம் பக்கம் பஞ்சம் ஏதாவது வந்துடுச்சா?"

"இல்லைங்க மேடம். நல்ல விளைச்சல்."

"இவ்வளவு பேரையும் முகாமுக்குக் கூப்பிட்டா ஊரையே காலி பண்ணணுமே."

அந்தக் கட்டில் ஒரே ஒரு படிவம் மட்டும் பூஜ்யம் வாங்கியிருந்தது. குறையே இல்லாத பிள்ளை, ஐந்து வயதுப் பெண். அதைத்தான் என்னால் கீழே வைக்க முடியவில்லை.

ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில், கூலி வேலைக்குப் போகிறவர்களின் தெருவில் இருந்தது அவர்கள் வீடு. அம்மா களை பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், முழங்கால் வரை சேறு. பெண் தரையில் மல்லாட்டைக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒற்றைப் பருப்புக் காய், இரட்டைப் பருப்புக் காய், மூன்று பருப்புக் காய், மறுபடி ஒற்றை. நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. அம்மா கூப்பிட்டார், திரும்பவில்லை. தூரத்தில் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. அதே சுதியில் அவள் தொண்டைக்குள் ஒரு ரீங்காரம் எழுந்து அடங்கியது.

"பாப்பா பேசுமாங்க?"

"நல்லாப் பேசுவா."

"மத்தப் பிள்ளைங்களோட விளையாடுமாங்க?"

"எல்லார் கூடவும்."

எல்லாக் கேள்விக்கும் அந்த அம்மா வாசல்படியைப் பார்த்துக்கொண்டே நல்லபடியாகச் சொன்னார். கிளம்பும்போதுதான் என்னைப் பார்த்தார். "இந்தப் பேப்பரை இஸ்கூல்ல காட்டுவீங்களா?"

ஜூனில் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். தலைமையாசிரியர் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம், பேச ஆரம்பித்ததும் கூட்டி வாருங்கள் என்று. காட்ட மாட்டோம் என்றேன். என் பையைப் பார்த்தார். நம்பவில்லை.

இதையெல்லாம் டாக்டரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். நடந்துகொண்டேதான் சொன்னேன், அந்த அறையில் நாலு எட்டுக்குமேல் நடக்க இடமில்லை.

"நீ பார்த்ததை நான் ஏத்துக்கிட்டா, நாளைக்கு நீ பார்க்காததையும் எழுதுவ" என்றார். பிறகு பேனாவை மூடினார். "போய்த் திரும்பக் கேளு. கேள்வியை மாத்தாதே, கேக்கற விதத்தை மாத்து. ரெண்டு வாரத்துல பட்டியலை முடிக்கணும். அதுக்குள்ள கோட்டைத் தாண்டினா அந்தப் பொண்ணு வரட்டும்."

என்ன விதம் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முதல் வீட்டிலிருந்தே திரும்பத் தொடங்கினேன்.

"அக்கா, அன்னிக்கு உங்க பையன் சட்டியை வழிச்சதை நான் பார்த்தேன்" என்றேன்.

மல்லாட்டை அக்கா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நீ பாத்தது நீ பாத்தது. பேப்பர்ல எழுதிப்புட்டா நாலு பேரு கண்ணு படும்ல? மெட்ராஸ் வரைக்கும் போவுதுங்கற. அத்தினி பேரு கண்ணையும் எந்தப் புள்ள தாங்கும்?"

இதுதானா. இத்தனை பஞ்சமும் இதுதானா.

"மொதல்ல இதுக்கு ஒரு பொட்டு வையி" என்று படிவத்தின் மேல்மூலையை விரலால் தட்டினார்.

என் மைப்பேனாவின் முள்ளைக் காகிதத்தில் ஊன்றிக்கொண்டு நின்றேன். மை பரவியது, மிளகளவு, பிறகு மல்லாட்டைப் பருப்பளவு.

"போதும். இப்பக் கேளு."

"பையன் நல்லா சாப்பிடுறானாங்க?"

"காலையில நாலு தோச. எம் பங்கும் சேத்து அஞ்சு."

அதற்கப்புறம் அணை உடைந்த மாதிரிதான். எல்லா வீட்டிலும் முதலில் பொட்டு, பிறகு கேள்வி. என் விரலெல்லாம் மை. "பொட்டுக்காரப் பொண்ணு வருது" என்று தெருமுனையிலேயே குரல் கொடுத்தார்கள். "நல்லாப் பெரிசா வையி பாப்பா, எங்க ஓரகத்தி கண்ணு சாமான்யமில்ல" என்று ஒருத்தர் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குணமடைந்தன.

கடைசியாக வயலோரத் தெருவுக்குப் போனேன். நான் பேனாவைத் திறந்ததுமே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, சேதி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது.

"மத்ததுங்களுக்கு வெக்கற, சரி" என்றார். குரலில் கோபம் இல்லை, சிரிப்புகூட இருந்தது. "எம்பொண்ணு மேல யாரு கண்ணு வெக்கப் போறாங்க?"

கேள்வி முடியும் முன் பதில் சொல்கிறவள் நான். அன்று பதிலுக்கு முன்னால் கீழே பார்த்தேன். அடுப்படியில் தொடங்கி, சுவரோரமாக வளைந்து, உரலைச் சுற்றிக்கொண்டு வாசல் வரை வந்திருந்தது அவளுடைய வரிசை. ஒற்றை, இரட்டை, மூன்று. ஒற்றை, இரட்டை, மூன்று. ஒரு காய் பிசகவில்லை. தோலுக்குள் எத்தனை இருக்கிறது என்று அவள் விரல் ஒவ்வொன்றையும் தொட்டுத் தெரிந்துகொண்டிருந்தது.

"நானே கண்ணு வச்சிட்டேங்கக்கா" என்றேன். "வந்ததுலேருந்து அதையேதான் பாத்துக்கினு நிக்கறேன். எனக்கு இந்தப் பொறுமையில ஒரு சிட்டிகை இருந்திருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்."

சொல்லிவிட்டுப் பொட்டை வைத்தேன். அது கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது. மை காயும் வரை அந்த அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்தார்.

"பேச மாட்டா" என்றார். "கூப்ட்டா திரும்ப மாட்டா. புள்ளைங்க கிட்ட வந்தா காதைப் பொத்திக்கினு ஓடிருவா. ஆனா எந்த பஸ்ஸு எந்த ஹாரன்னு அவளுக்குத் தெரியும். சாயந்திரம் வர்ற வண்டி வரலைன்னா அழுவா."

பஸ்ஸைப் பற்றிப் படிவத்தில் கேள்வி கிடையாது. பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அம்மா சொன்னதுதானே.

கோட்டைத் தாண்டினாள். கோடையில் மூவரும் பாசஞ்சரில் விழுப்புரம் போனோம். அவள் சீட்டில் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. நடுவில் நின்று, வண்டி ஆடின பக்கமெல்லாம் இரண்டு பேரும் ஆடிக்கொண்டு போனோம்.

"ரெண்டுமே குந்தாதா? நல்ல பேஜாரு" என்றார் அம்மா, இடம் போதாமல் அல்ல, இடம் அதிகமாகிப் போனதால்.

முகாமில் காது பரிசோதிக்கிறவர் அவள் முதுகுக்குப் பின்னால் மணி அடித்தார். அசையவில்லை. இன்னும் பலமாக அடித்தார். அவர் உதட்டைப் பிதுக்கி எழுதப் போன நேரத்தில் ஜங்ஷனில் ஓர் எஞ்சின் ஊதியது. அவள் தொண்டையிலிருந்து அதே ஊதல், அதே சுதி, அதே நீளம்.

டாக்டர் சிரித்துவிட்டார். "காது நல்லாவே கேக்குது. உங்க மணிதான் அவளுக்குப் பிடிக்கலை."

மதியம் வரை அவளோடு தரையில் உட்கார்ந்து காய்களை அடுக்கினார் டாக்டர். பேச்சு மெதுவாக வரலாம், கொஞ்சமாக வரலாம், இப்போதே சொல்ல முடியாது என்று அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னார். பிறகு தலைமையாசிரியருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பெண்ணுக்குக் காது கேட்கிறது. எண்ணிக்கை தெரிகிறது. பேச்சுக்காகக் காத்திருக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே இடத்தில் உட்கார வையுங்கள், பெல் அடிக்கும் முன் சைகை காட்டுங்கள். கீழே கையெழுத்து, முத்திரை.

அம்மா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இம்மாம் நல்லதா எழுதி இருக்கீங்களே டாக்டரம்மா. ஒரு பொட்டு வெச்சுருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். முத்திரைக்குப் பக்கத்தில், அவருடைய விலை உயர்ந்த பேனாவால், நிதானமாக ஒரு பொட்டு வைத்தார்.

ஜூன் கடைசியில் வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது, அம்மாவை வயலோரத்தில் பார்த்தேன்.

"சேத்துக்கிட்டாரா அக்கா?"

"சேத்துக்கிட்டாரு. இது என்னம்மா மைக்கறைன்னாரு. கறை இல்ல சார், பொட்டுன்னேன். ரிஜிஸ்டரை எடுத்து எழுதிட்டாரு."

"எப்படி இருக்கா?"

அவர் தெருவின் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"எங்க, ஒரு வாய் சாப்புடறதில்ல. சொன்ன பேச்சு ஒண்ணு கேக்கறதில்ல. அவளால ஒரே தொல்லை."